தெருவுக்கே கறி கொடுத்தவரின் வருமானம்

போன மாதம், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வருமானச் சான்று பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பையன், பார்க்க நல்ல பையன்தான், கையைத் தூக்கினான். "மேடம், பாய் வூட்டு அப்ளிகேஷன் வந்தா மட்டும் டவுட்டாவே இருக்குது. அல்லாருக்கும் வெளிநாட்டுப் பணம் வருது. பசங்கள காலேஜுல சேக்கறப்ப மட்டும் வருமானம் கம்மின்னு போட்டுட்றாங்க" என்றான். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின.

"நீ எந்த பாய் வூட்டு அடுப்பங்கரைய எட்டிப் பாத்த?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "இப்ப எல்லாம் ஆன்லைன் மேடம்" என்றான். ஆன்லைனில் அடுப்பங்கரை தெரியாதுதான். அவனுக்கு ஒரு பதில் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டது, பிரியாணி வேறு, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பாதியில் விட்ட பேச்சு வீட்டுக்கு வந்தும் என்னைத் தூங்க விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மணலூர்பேட்டைப் பக்கத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பெண். தேர்வெழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கோப்புக் கட்டி, சங்கிலி பிடித்து நிலம் அளக்கக் கற்று, திட்டு வாங்கி, கள்ளக்குறிச்சியில் வருவாய் ஆய்வாளராக உட்கார்ந்தபோது அந்த வேலையில் பெண்ணைப் பார்ப்பது அபூர்வம். ஆர்.ஐ. எங்கே என்று என்னிடமே கேட்பார்கள். நான்தான் என்றால், ஐயா எப்ப வருவார் என்பார்கள்.

அப்போதிருந்த தாசில்தாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நம் அறிக்கையை வாங்கினால், நம் முன்னாலேயே, வரி வரியாக, உரக்கப் படிப்பார். ஒவ்வொரு வரி முடிந்ததும் நிறுத்தி, "கண்ணால பாத்தீங்களா, காதால கேட்டீங்களா?" என்பார். பார்த்தேன் என்றால் எதைப் பார்த்தாய் என்பார். கேட்டேன் என்றால் யாரிடம் என்பார். பதில் வரும்வரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்தத் துடைப்பில் பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் வேர்த்துக் கொட்டிப் பார்த்திருக்கிறேன். மொட்டைக் கடுதாசி வந்தால் குப்பைக்கூடைதான். பெயர் போட்டுக் கையெழுத்துப் போட்ட மனு வந்தால் மட்டும், அது யார் மீது வந்தாலும், அந்தத் தெருவுக்கே போய், எல்லோரையும் வைத்துக்கொண்டு, நடுத்தெருவில் விசாரிப்பார். "நாலு பேர் முன்னால படிக்க முடியலைன்னா அது அறிக்கை இல்லம்மா, கோள்" என்பது அவர் வாதம்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்துச் சாலைகளில் இரண்டு ஓரமும் நின்ற புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. அலுவலக ஜீப் ஒன்று கல்லடிபட்டுக் கண்ணாடி இல்லாமல் நின்றது. போராடியவர்கள் வேற்று ஆட்கள் இல்லை, என் சித்தப்பா மகன்களும் அதில் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகளும் படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள். அதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் கரீம் பாயின் விண்ணப்பம் வந்தது. டவுனில் ஒரு சந்தில் வீடு. மூத்த மகள் ஷமீமாவுக்கு விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணச் சலுகை கிடைத்தால்தான் சேர முடியும். அதற்கு வருமானச் சான்று வேண்டும். சேர்க்கைக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். சான்று இல்லையென்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கிராம அலுவலர் அதை என்னிடம் நீட்டும்போதே சிரித்துக்கொண்டு நீட்டினார். "பாய் வூட்டுப் பொண்ணு ஏர் ஓட்டக் கத்துக்கப் போவுதாம்மா" என்றார். அறிக்கையில், 'மனுதாரர் மலைச்சரக்கு வியாபாரி, வசதியானவர் என்று தெரிகிறது' என்று எழுதியிருந்தார். கூடவே எதிர்வீட்டுச் சின்னசாமியின் மனு. சின்னசாமிக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் கரும்புக் காணி, போராட்டத்தில் முன்னால் நிற்கிற ஆள். மனுவின் சாரம் இதுதான்: கரீம் பாய் ஜீப் ஜீப்பாகப் புளி இறக்குகிறார், வெள்ளிக்கிழமையானால் சலவைச் சட்டையில் தொழுகைக்குப் போகிறார், இந்த பக்ரீத்துக்கும் ஆடு அறுத்துத் தெருவுக்கே கறி கொடுத்தார், இவரா ஏழை? கீழே முத்து முத்தாகக் கையெழுத்து.

தாசில்தார் கிராம அலுவலரின் அறிக்கையை உரக்கப் படித்தார். "வசதியானவர் என்று தெரிகிறது. யாருக்குத் தெரிகிறது?"

"ஊருக்கே தெரியும்ங்க ஐயா. பாய்ங்க இல்லீங்களா. ஒருத்தர விட்டா ஒருத்தர் தூக்கி விட்டுக்குவாங்க. வெளிய காட்டிக்க மாட்டாங்க."

"வெளியே காட்டாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஆனாலும் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலை, தெருமுனை ரேஷன் கடை வாசலில் விசாரணை என்று தாசில்தார் சொல்லிவிட்டார். கரீம் பாய் நேரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

நான் அன்று மத்தியானமே கரீம் பாய் வீட்டுக்குப் போனேன். என் வழக்கம் அது. சொல்லாமல், உலை வைக்கிற நேரத்துக்குப் போவேன். ஓட்டுவீடு, இரண்டு கட்டு, வாடகை. பாயின் மனைவி ஜைத்தூன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோரைப்பாய் விரித்தார். உலையில் கேழ்வரகுக் களி. கொடியில் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை காய்ந்தது, கழுத்துப்பட்டையைப் பிரித்துத் திருப்பித் தைத்த சட்டை. சின்னசாமி பார்த்த சலவைச் சட்டை இதுதான்.

"ஆடு அறுத்தீங்களா?" என்று கேட்டேன்.

மகள் ஷமீமா வாயைத் திறந்தாள். அம்மா அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். "புள்ளைங்க அத்தா வரட்டும்ங்க. அவங்ககிட்ட கேளுங்க" என்றார் ஜைத்தூன்.

அத்தா வரவேண்டுமே. கரீம் பாய் வெள்ளிமலைச் சந்தைக்குப் போயிருந்தார். பஸ் இல்லை, விசாரணை என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. சொல்லி அனுப்பலாம் என்றால் போக யாரும் முன்வரவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும், மலைக்கு ஆள் ஏற்றுகிற ஒரு ஜீப்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி நானே கிளம்பிவிட்டேன். ஓர் ஆர்.ஐ. செய்ய வேண்டிய வேலையா என்றால், இல்லை. ஆனால் அந்தப் பெண் வாயைத் திறந்து மூடியது என் மனசை அறுத்துக்கொண்டிருந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி, மலையடிவாரத்தில் மரம் போட்டிருந்தார்கள். கையில் கோடரியும் அரிவாளுமாக ஒரு கூட்டம் ஜீப்பைச் சுற்றிக்கொண்டது. ஒருவன் முன்கண்ணாடியில் கட்டையால் தட்டினான். ஓட்டுநர் ஸ்டியரிங்கை விட்டுக் கையைத் தூக்கிவிட்டார். அப்போது கூட்டத்தில் என் சித்தப்பா மகன் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னாக்கா, கலாட்டா நேரத்துல எங்க போய்க்கினு இருக்கற?"

சொன்னேன். அவன் முகம் மாறியது. "நாம ரோட்ல கெடந்து அடிபட்டுக்கினு கேக்கறோம். நீ பாய்க்குச் சலுகை வாங்கித் தர மல ஏறிக்கினு போறியா? அவங்களுக்கு இன்னா கொறச்சல்?"

"நீ எதுக்குடா மரம் வெட்டற?"

"எம் புள்ள படிக்கணும்னுதான்."

"அவரும் அதுக்குத்தான்டா எழுதிக் குடுத்துருக்காரு. அவரு மரம் வெட்டல, மனு போட்டாரு. அவ்ளோதான் வித்தியாசம்."

பின்னாலிருந்து யாரோ, "வுடாத, திருப்பி அனுப்பு" என்று கத்தினார்கள். நான் சொன்ன பதில் தம்பிக்குத் திருப்தியில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அக்கா என்ற முறை ஒன்று இருக்கிறதே. நாலு பேரைக் கூப்பிட்டு மரத்தின் ஒரு நுனியை மட்டும் நகர்த்தினான். ஜீப்பின் பக்கவாட்டைக் கிளைகள் கீறிக்கொண்டே வர, வெளியே வந்தோம். "திரும்பி வர சொல்ல நான் இங்க இருக்க மாட்டேன், பாத்துக்கோ" என்று கத்தினான்.

வெள்ளிமலைச் சந்தை ஓய்ந்து கிடந்தது. புளி மூட்டைகளுக்கும் கடுக்காய் மூட்டைகளுக்கும் நடுவில் கரீம் பாய் உட்கார்ந்திருந்தார். ஒரு மூட்டைகூட அவருடையது இல்லை. டவுனில் இருக்கிற மண்டிக்காரருக்காக மலைக்காரர்களிடம் வாங்கி, எடை போட்டு, ஏற்றி இறக்குகிற கூலி அவர். ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து சரக்கோடு வருவதால் ஊருக்கு அவர் முதலாளி. இதை மண்டிக்காரரிடமே கேட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை.

கறி விஷயத்தைக் கேட்டேன்.

"அறுக்க எங்கிட்ட ஏதும்மா ஆடு? குர்பானி குடுக்கறவங்க கறிய மூணு பங்கு வெப்பாங்க. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு சொந்தக்காரங்களுக்கு, ஒண்ணு இல்லாதவங்களுக்கு. அந்த மூணாவது பங்கு எங்க வூட்டுக்கு வரும். நாலஞ்சு வூட்லருந்து வரும். பின்வாசல் வழியா குடுத்துட்டுப் போவாங்க."

"அதையா தெருவுக்குக் குடுக்கறீங்க?"

"பொங்கல் வந்தா பொங்கலு, புள்ளையார் நோம்பின்னா கொழுக்கட்டை, வருசம் பூரா அவங்க வூட்டுக் கிண்ணம் எங்க வூட்டுக்கு வருது. நாங்க வெறுங்கிண்ணத்தையே திருப்பிக் குடுத்துக்கினு இருக்க முடியுமா? ஒரு நாளாவது நாங்க குடுக்கறவங்களா இருக்கோமே."

"இதை நாளைக்கு அங்க சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க."

"சொல்ல மாட்டேம்மா" என்றார். "வாங்கித் தின்ன கறியத்தான் அவங்களுக்குக் குடுத்தேன்னு தெருவுல நின்னு சொல்லவா? பொண்ணு படிப்பு போனா போவுது. நீங்களும் சொல்லக் கூடாது."

எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. பெண்ணின் படிப்பைவிடக் கறிக்கிண்ணம் பெரிதா என்று கேட்க நாக்கு வரை வந்தது. ஆனால் அந்த மனிதருக்கு உலகத்தில் சொந்தமாக இருந்தது அந்த ஒரு நாள்தான். "பொய் எழுத மாட்டேன் பாய். ஆனா நீங்க சொல்லாதத நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன். திரும்பும் வழியில் தம்பி அங்கேயேதான் நின்றான். மரத்தை நகர்த்தினான்.

சனிக்கிழமை ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் போடுகிற நாள். கேனும் கையுமாகத் தெருவே வரிசையில் நின்றது. தாசில்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சின்னசாமியின் மனுவை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். நான் வரச் சொல்லியிருந்த மண்டிக்காரர் வந்து, கரீம் தன்னிடம் கூலிக்கு இருப்பவர் என்று சொல்லிவிட்டார். புளி முடிந்தது. சட்டையைப் பற்றி நான் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். அதுவும் முடிந்தது. கறிக்கு வந்தார்.

"பக்ரீத்துக்கு ஆடு அறுத்தீங்களா?"

கரீம் பாய் தலை குனிந்து நின்றார். தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஷமீமாவின் கையை ஜைத்தூன் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, சின்னசாமியை ஒரு கேள்வி கேக்கலாமுங்களா?" என்றேன். "போன வருசம் உங்க வூட்டுக் காதுகுத்துக்குக் கெடா வெட்டி ஊருக்கே சோறு போட்டீங்க. அதுக்கப்புறம் உங்க பையனுக்கு நான்தான் வருமானச் சான்றுக்கு எழுதினேன். அப்ப யாரும் கெடாவ எண்ணலியே."

"அது கடன் வாங்கி வெட்டனதுங்க. சாமி காரியம். எங்களது வேற, அவங்களது வேற."

"இன்னா வேற?"

"வேறதாங்க" என்றார் சின்னசாமி. கூட்டத்தில் இருந்த பலரிடமும் அந்தப் பதில்தான் இருந்தது, முகங்களைப் பார்த்தேன்.

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "ஆர்.ஐ. அம்மா, கறி எங்கிருந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க ஐயா. சொல்ல எனக்கு உரிமை இல்லீங்க."

அவருடைய அத்தனை ஆண்டு சர்வீஸில் எவரும் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். "அப்ப மனுவுக்குப் பதில் இல்லை. பதில் இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது" என்று பேனாவைத் திறந்தார். தள்ளுபடி என்று எழுதத்தான் திறக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"அந்தக் கறிய ஆக்குனவ நானுங்க. என்னக் கேளுங்க."

சின்னசாமியின் மனைவி அஞ்சலை. கேனைக் கீழே வைத்துவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தார். "உனுக்கு இன்னாடி தெரியும், போ" என்றார் சின்னசாமி. அஞ்சலை அவரைப் பார்க்கவே இல்லை.

"ஒரே ஆட்டுக் கறின்னா ஒரே பதமா வேவுங்க. அவங்க வூட்லருந்து வர்றது அப்பிடி வேவாது. பாதி குழைஞ்சிடும், பாதி கல்லு மாரி கெடக்கும். கெழக் கெடாவும் இருக்கும், குட்டியும் இருக்கும். நாலு வூட்டுக் கறி ஒண்ணா கலந்து வந்தா அது அறுத்தவங்க வூட்டுக் கறி இல்லீங்க. வாங்குனவங்க வூட்டுக் கறி."

தாசில்தார் பேனாவை வைத்துவிட்டார். "எப்ப இருந்து தெரியும்?"

"மொத தபா ஆக்கனப்பவே தெரியும்ங்க."

"வீட்டுக்காரர்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா இந்தாளு வாய வெச்சிக்கினு சும்மா இருக்காது. அது ஜைத்தூன் அக்கா காதுக்குப் போனா அக்கா குடுக்கறத நிறுத்திடும்ங்க."

கரீம் பாய் அப்போதுதான் தலையைத் தூக்கினார். "தெரிஞ்சேவாம்மா வாங்குன?"

"தெரிஞ்சுதாண்ணே வாங்குனேன். நல்ல தொடைக்கறிய எங்களுக்குக் குடுத்துட்டு, வெறும் எலும்பா கெடக்கற கழுத்துக்கறிய நீங்க வெச்சிக்கினதும் தெரியும்."

ஜைத்தூன் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார். சின்னசாமி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரேஷன் கடைப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாசில்தார் அங்கேயே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுதினால் அது பொய். சான்றை வாங்கிக்கொண்ட கரீம் பாய் எனக்கு நன்றி சொல்லவில்லை. "ஏழைன்னு முத்திர குத்திட்டீங்க. இனிமே எங்கையால வாங்கித் தின்ன யாரும்மா வருவா?" என்றார். அன்று மாலையே அப்பாவும் மகளும் பாதி நடந்து, பாதி மாட்டுவண்டி பிடித்து, சின்னசேலம் போய் ரயிலேறினார்கள். திங்கட்கிழமை ஷமீமா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

நாங்கள் எல்லோரிடமும்தான் ஏழ்மைக்குச் சான்று கேட்கிறோம். ஆனால் சின்னசாமியிடம் வீட்டையும் காணியையும் மட்டும் கேட்டோம். கரீம் பாயிடம் அவர் சட்டையை, சாமியை, சாப்பாட்டை எல்லாம் கேட்டோம். அந்தப் பயிற்சி வகுப்புப் பையனுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

அடுத்த பக்ரீத்தைப் பற்றி ஷமீமா பின்னாளில் என்னிடம் சொன்னாள். விடுமுறைக்கு வந்திருந்தாளாம். பின்வாசல் வழியாகக் கறி வந்தது. அப்பா அதைத் தொடவில்லை, யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எதிர்வீட்டில் அஞ்சலையின் குரல் கேட்டது. "மனு எழுதனது நீதான. நீயே போய் வாங்கியா."

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னசாமி வாசலில் வந்து நின்றார், கையில் தூக்குவாளி. உள்ளே கூப்பிட ஆளில்லை, திரும்பிப் போகவும் அவருக்கு வழியில்லை. அப்பா எழுந்து உட்கார்ந்து அந்த வாளியைப் பார்த்தாராம். பிறகு, "போட்டுக் குடும்மா" என்றார். ஷமீமா வாளியை வாங்கி, வழக்கம்போலத் தொடைக்கறியாகப் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். சின்னசாமி எட்டிப் பார்த்தார்.

"போதும் பாப்பா" என்றார். "எனக்குக் கழுத்துக்கறிதான் புடிக்கும்."